பொட்டு வைக்கப்பட்ட இயந்திரக் கை

1

மந்திரமூர்த்தி எந்தப் பொருளை வாங்கினாலும், விலையைக் கேட்பதற்கு முன்னர்க் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "இது எப்படிக் கெட்டுப்போகும்?" குடை வாங்கினாலும் இதே கேள்வி, குக்கர் வாங்கினாலும் இதே கேள்வி. திருநெல்வேலி டவுணில் வடக்கு ரத வீதிப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர், "எத்தன வருசம் உழைக்கும்னு கேக்க வேண்டிய எடத்துல, எப்பம் சாவும்னு கேக்கீரேவே. காலையில மொத வியாபாரம் நீரு" என்று நொந்துகொண்டார். மந்திரமூர்த்தி அதைக் காதில் வாங்காமல், குக்கர் மூடியைத் தலைகீழாகத் திருப்பி, அதிலிருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

கைக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். மோதிரம் அணியமாட்டார். அரைக்கைச் சட்டையே போடுவார். சுழலும் பொருள்களுக்கு அருகில் நெடுநாள் வாழ்ந்தவர்களின் பழக்கங்கள் இவை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, பேட்டையில் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார்.

இப்படி ஒருவர் இல்லை. இவரை நான் உண்டாக்கினேன். இதை வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில், யார் யாருக்கு எதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டால் பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றியதுதான் இக்கதை.

இது பிறந்த இடம் ஒரு ஜெராக்ஸ் கடை. சென்ற ஆண்டு விசயதசமிக்கு மறுநாள், குடும்ப அட்டையைப் படியெடுக்கச் சென்றிருந்தேன். எடுத்த படிகள் அனைத்திலும், குடும்பத் தலைவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கருவட்டம் விழுந்திருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன்.

"அது ஆயுத பூசைக்குக் கண்ணாடியில வச்ச பொட்டு சார். தொடைக்கப்படாதுன்னு விட்டிருக்கோம். ரெண்டு நாளையில தானா உதிந்துரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் காயிதத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாம் சார்."

அவர் முகத்தில் குற்றவுணர்வு சிறிதும் இல்லை. என்னிடமும் கோபம் இல்லை. ஆனால், பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒரு வினா உடன் வந்தது. அக்கண்ணாடியைக் கடல்கடந்த ஊரில் வார்த்தவர், அதன்மேல் தூசு படியும் என்று நினைத்திருப்பார். கீறல் விழும் என்றும் நினைத்திருப்பார். வழிபாட்டின் பொருட்டு ஒருவர் அதில் சந்தனம் அப்புவார் என்று நினைத்திருப்பாரா? நினைத்திருக்க வேண்டுமா? ஜெராக்ஸ் இயந்திரம் யாரையும் அடிக்காது. அடிக்கக்கூடிய இயந்திரமாக இருந்திருந்தால்?

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் நான்கு நாள் கழிந்தது.

முதல் தொடக்கம்: "சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, வயல்களின் நடுவே வாய்க்கால் ஒன்று வளைந்தோடும் இடத்தில், உயர்ந்த புகைபோக்கியோடு கூடிய ஓர் அரிசி ஆலை, தாமிரபரணியின் ஈரக்காற்றில்—"

[ஈரக்காற்று வந்தால் அடுத்து நாரை வரும். நாரை வந்தால் இயந்திரம் வராது. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் செய்த பொருள் மனிதனுக்கு ஊறு விளைவிக்குமாயின், அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யாவர் என்னும் வினா தொன்றுதொட்டு—"

[கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம். கதைக்கு ஆகாது.]

மூன்றாம் தொடக்கம் ஒரே வாக்கியம்: "அந்தக் கை இசக்கியம்மாளைப் பார்க்கவில்லை."

இவ்வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததனாலேயே ஐயமும் வந்தது. எதை எழுவாயாக வைக்கிறோமோ, அதன் தலையில் பழி விழுகிறது. கை பார்க்கவில்லை என்றால் குற்றவாளி கை. கையைச் செய்தவர் வாக்கியத்துக்கு வெளியே கைகட்டி நிற்கிறார். ஆகவேதான் மந்திரமூர்த்தியின் பெயரைக் கதையின் முதற்சொல்லாக வைத்தேன். அவர் தப்பிப் போய்விடக் கூடாது என்பது என் எண்ணம். அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. இங்கே இருக்கட்டும் என்கிறேன்.

3

இனிக் கதை.

ஆலையின் முதலாளி அகமது மீரான், ஒரு நாள் மந்திரமூர்த்தியின் பட்டறைக்கு வந்தார்.

"மூட்ட தூக்குத பயலுவ எல்லாம் கேரளாவுக்குப் போயிட்டானுவ. பேப்பர்ல போட்டிருக்கான், சப்பான்ல மெஷினே கைய நீட்டி மூட்டைய அடுக்குதாம். அதமாரி ஒண்ணு செய்ய முடியுமாவே?"

"செய்யலாம் பாய். ஆனா சப்பான் மாரி பளபளன்னு இருக்காது."

"பளபளப்பு எதுக்கு? எங்க ஆலையில நானே பளபளன்னு இல்ல. அது லீவு கேக்காதுல்லா?"

"கேக்காது. கரண்டு போனா நிக்கும்."

"அப்பம் அதுவும் நம்ம ஊரு ஆளுதான்."

ஏழெட்டு மாத உழைப்பில் கை உருவாயிற்று. நகரும் பட்டையின் முனையில் வந்து விழும் அரிசி மூட்டையைப் பற்றி, உயர்த்தி, திரும்பி, அடுக்கின்மேல் வைக்கும். அதன் அடிப்பாகத்தில், மனிதரின் இடுப்பளவு உயரத்தில், இரண்டு கண்ணாடி வில்லைகள் இருந்தன. ஒன்றிலிருந்து நம் பார்வைக்குப் புலப்படாத ஓர் ஒளி வெளியே செல்லும். எதிரில் ஆள் நின்றால், அவ்வொளி அவர்மேல் பட்டுத் திரும்பி, மற்ற வில்லையில் நுழையும். ஒளி திரும்பினால் கை நின்றுவிடும், திரும்பாவிட்டால் இயங்கும்.

மந்திரமூர்த்தி பெருமைப்பட்டது இதைக் குறித்து அன்று. அக்கைக்குக் கற்றுக்கொள்ளும் திறனையும் அவர் கொடுத்திருந்தார். ஆள் நடமாட்டம் மிகுந்த நேரத்தில் மெல்ல இயங்கும். நெடுநேரம் எவரையும் காணாவிட்டால், இங்கு ஆளில்லை என்று முடிவு செய்து, சிறிது சிறிதாக விரைவைக் கூட்டிக்கொள்ளும். எப்பொழுது எவ்வளவு விரைவு என்பதை அவர் எழுதி வைக்கவில்லை, கையே கண்டுகொள்ளும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கற்றுக்கொள்ளும் பொருளை விற்பவர், விற்ற நாளில் எதை விற்றார்? மறுமாதம் அது வேறொன்றாக ஆகியிருக்கும். அரிவாள் செய்த கொல்லருக்கு இச்சிக்கல் இல்லை. அவர் கொடுத்த அரிவாள் மழுங்கும். தானாகக் கூர்மை அடையாது. இதைப் பற்றி இன்னும் நான்கு பக்கம் எழுதினேன். நீக்கிவிட்டேன்.)

கையை நிறுவிய நாளில், ஆலைத் தொழிலாளர்களை அழைத்து அவர் வில்லைகளைக் காட்டினார். இவ்விடத்தில் அவர் என்ன சொன்னார் என்பதை முடிவு செய்ய எனக்கு வெகுநேரம் பிடித்தது. ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினால் அவர் கவனமற்றவர் ஆவார். எல்லாவற்றையும் சொன்னார் என்று எழுதினால் கதையே இல்லை. கவனமுள்ள ஒருவர் உண்மையில் சொல்லக்கூடியதையே எழுதினேன்:

"இந்த ரெண்டு கண்ணாடிதான் ஒங்களப் பாத்துக்கிடும். சாக்கு, துணி எதையும் இதுமேல போட்டுராதீய."

சாக்கு, துணி. ஆலையில் கண்ணாடியின்மேல் விழக்கூடியவை எவை என்று எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார்.

4

ஆயுத பூசையன்று அகமது மீரான் வழக்கம்போலப் பொரியும் கடலையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்து, சாவியை இசக்கியம்மாளிடம் தந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பூசை தொழிலாளர்களின் உரிமை. செலவு தம் உரிமை என்பது அவர் கட்சி.

இசக்கியம்மாள் ஆலையில் நெற்களத்தைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயதிருக்கும். பழைய இயந்திரங்களுக்கு எங்கெங்கே பொட்டு வைக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். புதிய கையின்முன் வந்தபோதுதான் ஐயம் எழுந்தது. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் கலையரசி என்னும் இளம்பெண்.

"யக்கா, இதுக்கு எங்கன வைக்க?"

"நம்மளப் பாத்துக்கிடுதது எதுவோ அதுக்குத்தான்."

"அது ரெண்டு கண்ணாடிலா இருக்கு?"

"ரெண்டுக்கும் வைக்கணும். ஒண்ணுக்கு வச்சு ஒண்ண விட்டா கோவிச்சுக்கிடும். கிண்ணத்தக் கொண்டா. தொட்டும் தொடாம வச்சா அது பூசையாட்டி? நல்லா அப்பணும்."

நன்றாக அப்பினார். அதன்மேல் குங்குமமும் வைத்தார். பிறகு கற்பூரம் காட்டி எல்லாரும் பொரி தின்றார்கள்.

பூசைப் பொட்டைத் துடைக்கும் வழக்கம் இல்லை. அது காய்ந்து தானாக உதிர வேண்டும். மறுநாள் விசயதசமியில் ஆலை ஓடத் தொடங்கியபோது, சந்தனம் கல்லாய் இறுகியிருந்தது. ஒளி வெளியே போகவும் இல்லை. திரும்பி வரவும் இல்லை. காலை முழுவதும் கை எவரையும் காணவில்லை. எவரையும் காணாததால், அது கற்பிக்கப்பட்டபடியே கற்றுக்கொண்டது: இன்று இங்கு ஆளில்லை. நண்பகலுக்குள் அது தன் முழு விரைவை எட்டியிருந்தது. கிழிந்த மூட்டை ஒன்றிலிருந்து சிந்திய அரிசியை அள்ள இசக்கியம்மாள் குனிந்தார். நாள்தோறும் குனிகிற இடந்தான். கை மூட்டையோடு இறங்கிற்று.

வலக்கை மணிக்கட்டும் அதற்குக் கீழே உள்ள எலும்புகளும் நொறுங்கின. விபத்தைப் பற்றி நான் எழுதப்போவது இவ்வளவே.

5

வழக்கறிஞர் கோபாலசுப்பிரமணியனை முதற்படியில் நான் கெட்டவராக எழுதியிருந்தேன். வெற்றிலை மெல்லுகிறவர், பேசும்போது பேனாவைத் திறந்து மூடுகிறவர், ஏழையைக் கண்டால்—

[போதும். அவரை அப்படி எழுதினால், வாசகர் அவர் சொல்லும் சட்டத்தை நம்பமாட்டார். அவர் சொல்லும் சட்டமோ சரியானது.]

இரண்டாம் படியில், அவர் மந்திரமூர்த்தியின் கல்லூரித் தோழர். தெற்கு ரத வீதியில், தம் வீட்டின் முன்னறையில் தொழில் நடத்துபவர். நண்பரிடம் கட்டணம் வாங்க மறுப்பவர்.

இழப்பீட்டு அதிகாரியின் முன் விசாரணை நடக்கவிருந்தது. அகமது மீரான் தொழிலாளர்களுக்குக் காப்பீடு செய்திருந்தார். காப்பீட்டுக்காரர்களோ பணம் தர மறுத்தார்கள். தன் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது என்று அறிந்திருந்தும், ஒரு தொழிலாளி அக்கருவியை வேண்டுமென்றே அகற்றினாலோ புறக்கணித்தாலோ, அதனால் நேரும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்பது சட்டம். இசக்கியம்மாள் அறிந்திருந்தாரா? அதற்குச் சாட்சி மந்திரமூர்த்தி.

(நுகர்வோர் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதன்படி கேட்கலாமே என்று வாசகர் வினவலாம். நானும் வினவினேன். அச்சட்டத்தின் பார்வையில், பொருளை விலைகொடுத்து வாங்கியவரே நுகர்வோர். அவரும் பெருவணிகத்துக்காக வாங்கியிருந்தால் நுகர்வோர் அல்லர். மீரான் வணிகத்துக்காக வாங்கினார். இசக்கியம்மாளோ எதையும் வாங்கவில்லை. அடியை மட்டும் வாங்கினார். மிக்சி வெடித்தால் கேட்பதற்கு இடம் உண்டு. இதற்கு, வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டந்தான் கதி. அதை எழுதியவர்கள் கண்ட இயந்திரம், தானாக எதையும் முடிவு செய்யாத இயந்திரம்.)

"ஓய், இன்ஷூரன்ஸ் தரப்புல ரெண்டே கேள்விதான் கேப்பா" என்றார் கோபாலசுப்பிரமணியன். "அந்தக் கண்ணாடி எதுக்குன்னு அந்த அம்மாகிட்டச் சொன்னீரா?"

"சொன்னேன்."

"அதுமேல எதையும் போடப்படாதுன்னு சொன்னீரா?"

"சாக்கு, துணின்னு சொன்னேன்."

"போதும். ரெண்டுக்கும் ஆமான்னு சொல்லிட்டு எறங்கி வந்துரும். பொய் சொல்லச் சொல்லல. கேட்டதுக்கு மேல பேசாதீர், அவ்வளவுதான்."

"பேசினா?"

"மெஷின்ல கோளாறுன்னு ஒரு வார்த்தை பதிவாச்சுன்னா, இன்ஷூரன்ஸ்காரன் மீரான் பாயைப் பிடிப்பான். மீரான் பாய் உம்மைப் பிடிப்பார். நீர் யாரைப் பிடிப்பீர்? உமக்கு மேல ஆள் கிடையாது. பட்டறை போயிடும். உம்மை நம்பி நாலு குடும்பம் இருக்கு."

"பேசலன்னா அந்த அம்மாவுக்கு?"

"ஒண்ணும் கிடைக்காது" என்றார் வழக்கறிஞர்.

"அவங்க அதப் புறக்கணிக்கலயே. பூசைதான பண்ணினாங்க?"

"நல்ல கேள்வி. சட்டத்துல புறக்கணிப்புன்னு இருக்கு, பூசைன்னு இல்ல. அதை எழுப்ப வேண்டியது அவ வக்கீல். அவளுக்கு வக்கீல் இல்ல. நான் உம்ம வக்கீல், ஓய்."

6

மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போய்ப் பூசை அலமாரியிலிருந்து விபூதி, குங்குமம், சந்தனக்கட்டை மூன்றையும் எடுத்தார். அவர் மனைவி கோமு பார்த்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழம கூட இல்ல. பட்டறையில என்ன பூச?"

"பூச இல்ல. சோதன."

"சோதனைக்கு விபூதி போதாதா? சந்தனத்த யாரு அரைக்க?"

"நாந்தான்."

"அப்பம் பெரிய சோதனதான்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அதே அச்சில் செய்த மாதிரிக் கை ஒன்று பட்டறையில் நின்றிருந்தது. ஒரு சாக்கில் உமியை அடைத்து, அதற்குத் தம் பழைய சட்டையை மாட்டி, கை இறங்கும் இடத்தில் தொங்கவிட்டார். கயிற்றை இழுத்தால் சட்டை உள்ளே வரும், விட்டால் விலகும்.

விபூதியைப் பூசினார். ஒளி ஊடுருவிற்று, கை சட்டையைக் கண்டு நின்றது. குங்குமம் மட்டும் வைத்தார். சில வேளை நின்றது. சில வேளை தயங்கிற்று. ஈரச் சந்தனத்தை அப்பினார். அதற்கு அவர் எதிர்பாராத விளைவு கிடைத்தது. ஈரத்தில் சிதறிய ஒளி உடனே திரும்பியதால், யாரோ மிக அருகில் நிற்பதாகக் கருதிக் கை அசையவே மறுத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பூசையன்றே ஆலையை ஓட்டியிருந்தால், கை நகர்ந்திருக்காது. எல்லாரும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள். ஓய்வு கொடுப்பதுதான் பூசையின் முறை. அந்த ஓய்வில் சந்தனம் காய்ந்தது.

(இவ்விடத்தை எழுதும்போது எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஒரு பெண்மணியின் கை நொறுங்கிய காரணத்தை ஆராய்கையில் மகிழ்ச்சி தோன்றலாமா என்று பிறகு எண்ணினேன். தோன்றியது; மறைப்பதற்கில்லை. அறிய விரும்புவோர் எல்லாருக்கும் நேர்வது இது.)

சந்தனம் காயும்வரை காத்திருந்தார். பிறகு கையை ஓட்டினார். அது சட்டையைக் காணவில்லை. மெல்ல இறங்கிற்று, ஏறிற்று. சற்று விரைந்து இறங்கிற்று. ஒவ்வொரு சுற்றிலும் சட்டையை நடுவே இழுத்து, உடனே விலக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் கை துணிவு பெற்றுக்கொண்டே போனது. கடைசியில் அவர் கயிற்றை விட்டுவிடுவதற்குள் அது வந்துவிட்டது. சட்டை கிழிந்து, உமி பட்டறை முழுவதும் பறந்தது.

அவர் விசையை நிறுத்திவிட்டு, உமி படிந்த தலையோடு நின்றார். எதிரில் ஒருவரும் இல்லாதபோதும் ஒளி திரும்புவதில்லை. வில்லை மறைந்தபோதும் ஒளி திரும்புவதில்லை. ஒன்றும் இல்லை என்பது வேறு. எனக்குப் பார்வை இல்லை என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் அவர் அதற்குக் கற்பித்திருந்தார்: போ.

வில்லையின் ஓரத்தில் மிகச் சிறிய ஒரு குறியை வைத்து, அதில் பட்ட ஒளி எப்பொழுதும் திரும்புமாறு செய்திருக்கலாம். அது திரும்பாவிட்டால், பார்வை போயிற்று என்று அறிந்து நிற்கும்படி செய்திருக்கலாம். கடினமான வேலையன்று. தோன்றவில்லை. தூசு படிந்தால் என்ன ஆகும், எண்ணெய் தெறித்தால் என்ன ஆகும் என்று சோதித்தவருக்கு, அன்பினால் ஒருவர் அதை மூடுவார் என்பது தோன்றவில்லை. இத்தனைக்கும் அவர் இந்த ஊர்க்காரர். தம் பட்டறைக் கடைசல் இயந்திரத்துக்குத் தாமே ஆண்டுதோறும் பொட்டு வைப்பவர்.

அப்பொழுது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் செய்து விற்ற இதே போன்ற கை ஒன்று அம்பாசமுத்திரத்தில் வேறோர் ஆலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு அங்கே பொட்டு வில்லைக்குச் சற்று மேலே விழுந்திருக்க வேண்டும். தை பிறந்தால், பொங்கலுக்கு அவர்களும் மறுபடி பொட்டு வைப்பார்கள்.

7

இசக்கியம்மாளைப் பார்க்க அவரை நான் அனுப்ப விரும்பவில்லை. ஆனால், போகாவிட்டால் அவர் எத்தகைய மனிதர்?

ஆலைக்கு அருகில் உள்ள சிற்றூரில், ஓட்டு வீட்டின் முன் கட்டிலில் இசக்கியம்மாள் அமர்ந்திருந்தார். வலக்கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி. கட்டில்ல இருங்க. ஒத்தக் கையால காப்பி போட வராது, மருமவ வரட்டும்."

"வேண்டாம்க்கா."

"மெஷின ஏசினீயளா?"

"ஏசவா?"

"எல்லாவனும் என்னயத்தான் ஏசுதான். அதையும் ரெண்டு ஏசணும்லா?"

மந்திரமூர்த்திக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"சந்தனம் வச்சது நாந்தான்" என்றார் இசக்கியம்மாள். "விசாரணையில கேட்டாலும் நாந்தான்னு சொல்லுவேன். கலையரசி பேர யாரும் எடுக்கப்படாது. அவ கிண்ணந்தான் பிடிச்சா."

"அந்தக் கண்ணாடி எதுக்குன்னு தெரிஞ்சுதான வச்சீய?"

"தெரியாமலா? அது பாத்துக்கிடும்னு நீங்கதான சொன்னீய. நம்மளப் பாத்துக்கிடுததுக்கு வைக்காம, கூட்டுத தொடப்பத்துக்கா வைப்பாவ?" சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தொடப்பத்துக்கும் வச்சேன். அது வேற" என்றார்.

பிறகு தம் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இது இனி மடங்காதுன்னுட்டாவ. சொளவு பிடிச்சு நெல்லுப் பொடைக்க ஏலாது. அந்தப் பணம் வந்தா வாசல்ல காய்கறி போட்டு ஒக்காந்துருவேன். வரலன்னா மருமவகிட்டக் கேட்டு வாங்கணும். அவ நல்லவதான். நல்லவகிட்டயும் கேட்டு வாங்கப்படாது தம்பி."

"ம்."

"நீங்க அங்கன என்ன சொல்லப் போறீய?"

"அவங்க கேக்கிறதுக்குச் சொல்லணும்க்கா."

"அது சரி" என்றார் இசக்கியம்மாள்.

[இங்கே ஒரு வாக்கியத்தை எழுதி அடித்துவிட்டேன். அதில் இசக்கியம்மாள், "கண்ணு தெரியலன்னா நிக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கலயா தம்பி?" என்று கேட்கிறார், பொறியாளர் வாயடைத்துப் போகிறார். வாசகர்கள் மகிழ்வார்கள். ஆனால், அவருக்கு அவ்வியந்திரத்தின் உள்ளமைப்பைப் பற்றி எவ்வித அக்கறையும் இல்லை. இருக்க வேண்டிய கடமையும் இல்லை. அக்கடமை வேறொருவருடையது. அதை அவர் தலையில் நான் ஏற்றக் கூடாது.]

8

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மந்திரமூர்த்தி இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பட்டறை பிழைக்கிறது. இம்முடிவில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் என்னை அச்சுறுத்தியது.

மற்றொன்றில், அதிகாரி எழுந்து நின்று, தானே கற்கும் இயந்திரங்களைச் செய்வோர் அவை கற்றவற்றுக்கும் பொறுப்பாவர் என்று ஒரு பெருந்தீர்ப்பை உரைக்கிறார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால், அவருடைய அலமாரியில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இல்லாத சட்டத்தை ஓர் அதிகாரியின் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவதில், அகமது மீரான் முன்வந்து எல்லாவற்றையும் தாமே கொடுத்து—

[நல்லவர் ஒருவர் வந்து தீர்த்துவைத்தால், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். வேண்டாம்.]

ஆகவே, தீர்ப்பை நான் எழுதவில்லை. அதிகாரியின் நாற்காலி காலியாக இருக்கிறது. வாசகர் அதில் அமரலாம். ஒருபுறம், எச்சரிக்கப்பட்டிருந்தும் காப்பை மூடியவர். மறுபுறம், மூடியதை உணராத காப்பைச் செய்தவர். நடுவில், யாரையும் காணாமல் தானே கற்றுக்கொண்ட ஒரு கை. அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது. சட்டம் உங்கள் கையில் கொடுத்திருப்பது ஒரே சொல்: புறக்கணிப்பு. உங்களுக்குத் தோன்றியபடி தீர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. விசாரணைக்கு முந்திய நாள் மந்திரமூர்த்தி என்ன செய்தார்? இதை அவரிடமே விட்டுவிட்டு, எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

9

தெற்கு ரத வீதி. காலை நேரம். கோபாலசுப்பிரமணியன் வழக்குக் கட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரும், ஓய். ஞாபகம் இருக்கோல்லியோ? ரெண்டு ஆமா."

மந்திரமூர்த்தி உட்காரவில்லை. கையில் ஒரு பையில் திருப்புளியும் ஒயர்களும் வைத்திருந்தார்.

"கோபாலா, அத நான் ஓட்டிப் பாத்தேன்."

"எதை?"

"சந்தனம் பூசி. எஞ்சட்டையத்தான் நிறுத்தினேன். கிழிச்சுப் போட்டுட்டு."

வழக்கறிஞர் கட்டுகளைக் கீழே வைத்தார். "இதை யாருட்டயாவது சொன்னீரா?"

"ஒங்கிட்டத்தான்."

"அப்போ என்னோட இருக்கட்டும். உம்மை யாரும் அதைக் கேக்கப் போறதில்ல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றவனை வக்கீல் காப்பாத்த முடியாது."

"முடியாதுதான்."

"பட்டறை?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். அதுக்குப் பதில் எங்கிட்ட இல்ல."

"அந்த அம்மாவுக்காகவா?"

"அவங்களுக்காகவும்தான்" என்றார் மந்திரமூர்த்தி. "அம்பாசமுத்திரத்துல ஒண்ணு ஓடுதுல்லா. அங்கன களத்துல பத்துப் பேரு நிக்குதாவ."

தெருவில் பேருந்து திரும்பும் ஒலி கேட்டது. கோபாலசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னதான் ஓய் செய்யப் போறீர்?"

"இப்பம் போய் அந்தக் கைய நிறுத்திட்டு வாரேன். நாளைக்கு அவங்க கேக்காட்டாலும், குறை நான் செஞ்சதுலதான்னு சொல்லிருதேன்."